ஆறரை ஆம்பியர்

ஓசூர் வாடகை வீட்டில் மகள் வாளிக்குள் ஹீட்டரைப் போட்டாள். ப்ளக்கிலிருந்து கருகல் வாடை வந்தது.

சின்ன வயதில், கிருஷ்ணகிரியில் எங்கள் குளியலறை வாசலிலும் இதே வாடைதான். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அத்தா அதில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டார். பத்தாம் வகுப்பு நோட்டில் நான் கணக்குப் போட்டேன். ஹீட்டரின் ஆயிரத்தைந்நூறு வாட்டை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். ப்ளக் தாங்குவதோ ஐந்து.

“அத்தா, ஒயரு எரிஞ்சிரும்.”

“அதான் ஃபியூஸே போறதில்லையே, அப்புறம் என்னம்மா பயம்?”

அதுதான் பயம். தண்ணீர் காயும்வரை ப்ளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

இன்று மெயினை அணைத்து ஃபியூஸைக் கழற்றினேன். உள்ளே தடித்த கம்பி.

“யாரும்மா இதைச் சுத்துனது?” என்றாள் மகள்.

போன வாரம், அவளுடைய கம்பெனி பஸ் வரும் அவசரத்தில், நான்தான் சுற்றினேன்.