உம்மாவின் பழைய பேர்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவன் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் உம்மா புத்தளத்துக் காப்பிரிக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆட்களின் வழி. வாப்பாவை நிக்காஹ் செய்தபோது இஸ்லாத்துக்கு வந்து பேரை மாற்றிக்கொண்டார். அவருடைய தங்கை மட்டும் கடைசிவரை பழைய பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த ஐந்தாம் மாதம், என் நாற்பத்து நாலாவது வயதில், எனக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, உம்மாவின் அதே சுருள் முடி. அந்தப் பழைய பேரையும் சேர்த்து வைப்போம் என்று மனைவி சொன்னாள். ஆனால் மாமா, அவளுடைய வாப்பா, ஒரு அரபுப் பேரைத் தெரிவு செய்து எங்கள் ஊர் கனமூலை முழுக்கச் சொல்லிவிட்டார். அவரிடம் பேச ஆறு நாளும் எனக்கு வாய் வரவில்லை.

ஆறாம் நாள் உம்மாவின் தங்கை மகனிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்தான். "அமெரிக்காவுல நம்மளப் போல ஆக்கள் எசமான் வெச்ச பேர எறிஞ்சிட்டு, புள்ளைகளுக்குத் தாங்களே புதுப் பேர் கட்டுறாங்க. நீ என்னடாண்டா பழசத் தேடிப் போறாய்!"

உம்மாவின் பேரும் எசமான் வைத்ததுதானோ என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

ஏழாம் நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பின், பேர் வைக்கப் பள்ளிவாசல் லெப்பை வந்தார். பிள்ளையின் முடியை இறக்கியதும் என்னைப் பார்த்தார்.

"புள்ளட பேர வாப்பா நீங்க சொல்லுங்க."

மாமா தெரிவு செய்த பேரைச் சொன்னேன். பிறகு உம்மாவின் பழைய பேரையும் சொன்னேன்.

திரைக்குப் பின்னால் மச்சினிச்சி சிரித்தாள். "மச்சானுக்கு ஒரு வார்த்த வாறதே பெரிய பாடு. இண்டைக்கு ரெண்டு பேராம்!"

"ரெண்டாவது பேருக்குக் கருத்து என்ன தம்பி?" என்றார் லெப்பை.

"தெரியாது."

மாமா எழுந்துவிட்டார். "கருத்துத் தெரியாத பேரா? அடிமைக்கு எசமான் வெச்ச பேரையா மருமகன் என்ட பேத்திக்கு வெக்கப் போறீங்க?"

மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆர் வெச்சதெண்டு எனக்குத் தெரியா மாமா. கடைசி நாளையில உம்மா நாங்க கூப்பிட்டா கண் திறக்கல்ல. உம்மாட தங்கச்சி அந்தப் பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டா. அதுக்குத்தான் திறந்தா."

லெப்பை தாடியைத் தடவினார். "கெட்ட கருத்தெண்டு ஆருக்கும் தெரியுமா?"

வந்திருந்தவர்கள் தெரியாது என்று தலையசைத்தார்கள்.

"அப்ப தடையில்ல. வாப்பாட முடிவு" என்று குனிந்து, பிள்ளையின் காதில் இரண்டு பேரையும் சொன்னார். மாமா சாப்பாட்டுக்கு உட்காராமல் வெளியே போனார்.

மறுநாள் முந்தல் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பிறப்புப் பதிவுப் படிவத்தில் இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்தேன். கூட வருவதாக முன்பே சொல்லியிருந்த மாமா வரவில்லை.