பன்னிரண்டாவது நாற்காலி

கோயிலில் நாற்காலி தூக்கிப் போடுகிறவனுக்குத்தான் தெரியும், சபையாரின் தாழ்மை எவ்வளவு கனம் என்று. ரங்கூனில் துரைமார்களிடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, தமிழும் இங்கிலீஷும் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு பெங்களூர் திரும்பிய நான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கண்டோன்மெண்டில் ஒரு மாதா கோயிலில் கோயில்பிள்ளையானேன். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, நோட்டீஸ் எழுதுவது எல்லாம் சுலபம். யார் எங்கே உட்காருவது என்று பார்ப்பதுதான் வேலை. கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்களும் சங்கக் கூட்டத்தில் மேடை போட்டவர்களும் என் பங்காளிகள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசி வரிசை

கோயில் கமிட்டித் தலைவர் ஞானப்பிரகாசம், ரிடையர்டு ஹெட்கிளார்க். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்கார் என்று சுவிசேஷத்தில் கேட்ட மறு ஞாயிறே முன்வரிசையைத் துறந்து கதவோரம் போய்விட்டார். சாமியார் அதைப் பிரசங்கத்தில் சொல்லி மெச்சினார். அதற்கடுத்த வாரம் லிங்கராஜபுரத்துத் தையற்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் வேறெங்கும் உட்காரவில்லை. பூசை முடியும்வரை, எல்லார் கண்ணிலும் படும்படி நின்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, கடைசி இடம் என்னுடையது. அதுல வேற எவனும் உக்காராம பார்த்துக்கோ."

ஒரு விண்ணப்பம்

பெரிய வியாழன் சாயங்காலம், தம் பன்னிரண்டு சீடர்களான அப்போஸ்தலர்களின் காலை ஆண்டவர் கழுவிய நினைவாக, பீடத்துக்கு முன் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் காலைக் கழுவுவார். பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தில் சவரிமுத்து என்னைத் தேடி வந்தார். ஸ்ரீராம்புரத்துக்காரர், கார்ப்பரேஷனில் மோரி, அதாவது சாக்கடை, வாரும் வேலை. வேலை முடிந்ததும் கூலி வாங்காமல் கோயில் முற்றத்தைப் பெருக்கிவிட்டுப் போவார். அன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பட்டியலில் தன் பேரையும் எழுத முடியுமா என்று கேட்டார். எழுதினால் யார் யார் முகம் சுளிப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். "பார்க்கலாம்" என்றேன். இந்த வார்த்தையின் அர்த்தம் அவருக்கும் மனப்பாடம்தான். ஆனாலும் சொன்னார்:

"எங்கப்பன் தங்கவயல்ல ஒரு வாட்டி உக்காந்தாருங்கய்யா. எங்கம்மா இன்னும் அதையே சொல்லிக்கினு இருக்குது. அது கண்ணை மூடறதுக்குள்ள என்னையும் அப்படி ஒரு வாட்டி பார்த்துட்டா போதும்."

நான் பன்னிரண்டு பேரை எழுதினேன். அவர் பேரை எழுதவில்லை.

பேதுரு யார்?

பன்னிரண்டு நாற்காலியில் முதலாவதற்கு, அப்போஸ்தலர்களில் முதல்வரான பேதுருவின் பேரால், பேதுரு நாற்காலி என்று பேர். எந்த வேதபுத்தகத்திலும் இல்லாத இந்தப் பேரை எங்கள் சபையார் தாங்களே கண்டுபிடித்திருந்தார்கள். சாமியார் அதில் தலைவரை உட்காரச் சொல்லிவிட்டார். கோயில் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பிக் கொடுத்த கான்ட்ராக்டர் அந்தோணிராஜ் இதைக் கேள்விப்பட்டு என் வீட்டுக்கே வந்தார். காப்பி கொடுத்தேன், தொடவில்லை. தாழ்மையைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, எழுந்து போகும்போது விஷயத்துக்கு வந்தார்:

"நான் பேதுருவா இருக்கணும்னு ஆசைப்படலை. அவர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

வலது கால்

கழுவுவது வலது காலை மட்டும். ஆகவே எங்கள் அப்போஸ்தலர்கள் வலது காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் தலைவர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். வலது காலில் வெள்ளைக் காலுறை, இடது காலில் பழைய செருப்பு. இடது காலின் விரலிடுக்கெல்லாம் செம்மண். அதையும் ஒரு செம்பு தண்ணீரில் அலம்பிவிடலாமே என்றேன். என்னை அனுதாபத்தோடு பார்த்தார்:

"அந்தக் காலை யாருப்பா பார்க்கப் போறா?"

பன்னிரண்டாவது

கான்ட்ராக்டர் பேரும் பட்டியலில் இருந்தது; அவர் வரவில்லை. பூசை தொடங்கப் பத்து நிமிஷம். பதினோரு பேர் உட்கார்ந்தாகிவிட்டது. கடைசி நாற்காலி காலி. முன்னால் தரையில் பெண்கள் பக்கம் சவரிமுத்துவின் தாயார் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். சவரிமுத்து குழாயடியில், கால் கழுவும் கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாததால் எனக்குத் தைரியம் வந்தது. குழாயடிக்குப் போய், வந்து உட்காருங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

கூஜாவைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை வந்தார். அங்கேயே நின்றார். உள்ளே தலைவர் இவரைப் பார்த்துவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்திருந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். சவரிமுத்து தாயார் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்பிப் போய்க் கூஜாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். குரலில் கோபம்கூட இல்லை:

"நான் உக்காந்தா பதினோரு பேரும் எழுந்து போயிடுவாங்கய்யா. அப்புறம் சாமி யாரு காலைக் கழுவுவாரு?"

காலி நாற்காலி பார்க்க நன்றாயிருக்காது என்று அதில் நானே உட்கார்ந்துகொண்டேன். ரங்கூனில் எத்தனையோ துரைகளுக்கு முன்னால் முதுகு வளைத்தவன்தான், ஆனால் அன்று நிமிர்ந்து உட்கார்ந்து வலது காலை நீட்டியபோது குனிந்த அளவுக்கு எங்கேயும் குனிந்ததில்லை.