மூடி போட்ட கிழங்கு வாளிகள்

சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சட்டையில் சுருக்கம் இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் தம்பிக்கும் தனக்கும் நடுவில் விழுந்த சுருக்கத்தை மட்டும் அவளால் நீவ முடியவில்லை. அம்மா கண்ணை மூடிய அன்று அவன் நேரத்துக்கு வந்து சேரவில்லை. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அன்றைக்குப் படி இறங்கியவன், அப்புறம் அவள் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை.

கோடை முடிகிற சமயம், பெயிண்டர் வேலை பார்க்கும் கணவர் தீர்த்துப் போட்ட காலிப் பெயிண்ட் வாளிகளுக்கு அடியில் ஓட்டை போட்டு, பால்கனியில் வரிசையாக வைத்து, முளைவிட்ட உருளைக்கிழங்கை ஊன்றினாள். அதைத் தம்பி பெண்டாட்டியிடம் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது. அவனுக்குக் காய்கறிக் கடை.

"வாளியில கிழங்காமா! ஒண்ணே ஒண்ணு விளைஞ்சாலும் குளிர்கால லீவுக்கு நான் வந்து சாப்பிடறேன்னு சொல்லு."

கிண்டலோ என்னவோ, அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தண்டு உயர உயர மண் அணைத்தாள். குளிர் வந்து இலை பழுத்ததும் தண்டை அறுத்துவிட்டு, கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்தாள். லீவு அன்றைக்குத் தோண்டி அன்றைக்கே வேகவைக்க வேண்டும் என்பது அவளுடைய வீம்பு. பனி கொட்டத் தொடங்கிய நாட்களில் வேலை கழுத்தை நெரித்தது. "வாளியை மூடி வைங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு ஓடினாள். "பத்திரமா மூடிட்டேன்" என்றார் அவர். சாக்குப் போர்த்தியிருப்பார் என்று அவளும் இருந்துவிட்டாள்.

லீவு நாள் காலை. பஸ் ஏறிவிட்டோம் என்று தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். கொத்துக்கரண்டியோடு பால்கனிக்கு வந்தவள் அப்படியே நின்றாள். வாளிகளின் மேல் பெயிண்ட் மூடி. சுத்தியலால் சுற்றிவரத் தட்டி இறுக்கிய மூடி.

"என்னங்க இது?"

"மிச்ச பெயிண்ட்டை இப்படித்தானே மூடுவோம்? காத்து உள்ள போனா கெட்டுடும்ல. அடியில வேற ஓட்டையா இருந்துச்சு. சுவர் விரிசலுக்கு வைக்கிற பட்டியை வெச்சு அடைச்சிட்டேன்" என்றார் பெயிண்டர், நல்ல பிள்ளையாக.

மூடியை நெம்பினாள். குப்பென்று நாற்றம். கையை விட்டால் கிழங்கு கூழாக வழிந்தது. அடுத்த வாளியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"அந்த ஓட்டை நான் போட்டதுங்க! அதுக்கு மூச்சு விட வேணாமா?"

பெயிண்டருக்கு முகம் செத்துவிட்டது. "முக்குக் கடையில கிழங்கு வாங்கி மண்ணுக்குள்ள புதைச்சிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"கடைக்காரனுக்கே கடைக்கிழங்கா? தெரியாட்டியும் வேணாம். என் தம்பிக்குப் பொய்யை வேகவெச்சுப் போடமாட்டேன்."

"மச்சான் அப்படியே திரும்பிப் போயிட்டா?"

"போகட்டும்."

மூலையில் ஒரு வாளி பாக்கி. அதன் மூடியில்தான் பெயிண்டர் கலர் கலக்குவார். அதனால் அதற்குச் சாக்குதான் கிடைத்திருந்தது. சுவரோடு ஒட்டிச் சாய்க்க முடியாமல் இருந்ததால் பட்டிக்கும் தப்பியிருந்தது. சாக்கை எடுத்தாள். அதற்குமேல் கை நீளவில்லை. அழைப்பு மணி அடித்தது; பெயிண்டர் போய்க் கதவைத் திறந்தார்.

பெண்டாட்டியைக் கூடத்தில் விட்டுவிட்டு, தம்பி நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே நேராகப் பால்கனிக்கு வந்து நின்றான்.

"என்னக்கா, விருந்து இங்கதானா?"

"எல்லாம் அழுகிடுச்சுடா. இது ஒண்ணுதான் மிச்சம். தோண்டப் பயமா இருக்கு."

அக்கா பயம் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. சட்டைக் கையை மடித்து, குந்தி உட்கார்ந்து, மண்ணுக்குள் கையை விட்டான். துழாவினான். வெறும் மண்தான் வந்தது. முழங்கை வரை போயிற்று. பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கை நின்றது.

எலுமிச்சை அளவில் ஒரு கிழங்கு வெளியே வந்தது. கடையில் செய்வதுபோல அமுக்கிப் பார்த்தான், நகத்தால் கீறிப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. பின்னாலேயே இன்னும் சில வந்தன.

"என் கடைக்கு வந்தா இதை ஓரமா ஒதுக்கிடுவேன்."

"சாப்பிடறேன்னு சொன்னவன் நீதான்."

"சொன்னேன்." கிழங்கிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அன்னைக்குப் பஸ் கிடைக்கலக்கா."

"தெரியும்டா. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"மூடறதைப் பத்தி இன்னைக்கு யாரும் பேசாதீங்க" என்றார் பெயிண்டர்.

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிழங்கைக் கழுவ எழுந்தவளை ஒதுக்கிவிட்டு, "தள்ளுக்கா, நீ அரைவேக்காட்டுல இறக்கிடுவே" என்று அவனே அடுப்படிக்குள் நுழைந்தான்.