மத்தியாஸ் கணக்கப்பிள்ளை காக்காவைப் பறக்கவிட்ட கதை

மத்தியாஸ் கணக்கப்பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, அவர் நல்ல மனிதர் என்பதுதான். அடுத்ததாகச் சொல்வது, அவரைப் போல என்னை ஆத்திரப்பட வைத்த ஆள் இந்தக் கந்தப்பளைப் பக்கத்திலேயே வேறு யாரும் இல்லை என்பது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து விழுங்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.

வட்டகொடையில் பிறந்தவர். இருபத்துநாலு வருஷமாக எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறார். பெண்கள் கொழுந்துச் சாக்கைச் சுமந்து வந்து தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். தராசில் எண் தெரிகிற முகம் அவர் பக்கம் இருக்கும். அதைப் பார்த்து, மனதுக்குள் ஏதோ கழித்து, மிச்சத்தை உரக்கச் சொல்லி எழுதிக்கொள்வார். சாக்கின் பாரத்துக்கு ஒரு கிலோ கழிப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல் தான் கழிப்பதே இல்லை என்று சிலுவை அடையாளம் போட்டுச் சொல்வார்.

கழிப்பது அவருக்கு வேலை அல்ல, உடம்போடு ஒட்டிய பழக்கம். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மகள் ஷெரோமி பிறந்தபோது தாதி மூன்று கிலோ நூறு கிராம் என்றாளாம். இவர் வெளியே வந்து "ரெண்டு தொள்ளாயிரம்" என்று அறிவித்தார். துண்டுக்கு இருநூறு போய்விட்டதாம். பிள்ளையைத் துண்டில்லாமல்தான் நிறுத்தார்கள் என்று மனைவி சுகிர்தம் கட்டிலிலிருந்து கத்தியும் பயனில்லை. பூசைக்கு இருநூறு பேர் வந்தார்கள் என்று பாதர் சந்தோஷப்பட்டால், "நூத்தியெண்பதுன்னு சொல்லுங்க பாதர். மழைக்கு ஒதுங்குனவங்களும் இருக்காங்க" என்பார். தன் வயதையும் கழிப்பார். அதை மட்டும் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

இவ்வளவு கழித்தும் ஒரு கொழுந்துகூட அவர் வீட்டுக்குப் போனதில்லை. கழித்ததெல்லாம் தோட்டத்துக்கே. திருடனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம். தனக்குக் காலணாப் பிரயோசனம் இல்லாமல் அடுத்தவர் வயிற்றில் அடிக்கிறவரை என்னவென்று திட்டுவது?

அந்த அடி அதிகமாக விழுந்தது ராக்காயிக்கு. எங்கள் தோட்டத்தில் நாளுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து கொடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க மலையில் நின்றாலும் அரைநாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். ராக்காயியின் சாக்குக்கு மத்தியாஸ் சொல்வது எப்போதும் பதினாறு, மிஞ்சினால் பதினேழு. இப்படிப் பதினொரு வருஷம். 'கை மந்தம்' என்று பெயரே வந்துவிட்டது. அவள் புருஷன் வீரய்யாகூட, "ஒன் கை மந்தம், கணக்கப்புள்ள என்னா பண்ணுவாரு?" என்று சொல்ல ஆரம்பித்தான். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்திக் கேட்டாள். "சேர், நீங்க படிச்சவங்க. கையில ஏதும் வியாதி இருந்தா இப்படி ஆகுமாங்க?" நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் தோட்டத்துக்கு இசை நாடகம் வந்து சேர்ந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத ஆசிரியை ஷாமிலா டீச்சர் கொழும்பில் பத்து நாள் நாடகப் பயிற்சிக்குப் போனார். போகும்போது வாயில்லாப் பிள்ளை. திரும்பி வந்த பிறகு 'விசேஷ காட்சி' என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியமும் பேசுவதில்லை. எடுத்துக்கொண்டது காக்கா, நரி, வடை கதை. வைத்த பெயர் 'வானத்து வடை'. அதில் காக்கா உண்மையாகவே பறக்கும். வடை லொறி டயர் அளவில், ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செய்து, உள்ளே பல்பு எரியும். வடை சுடுகிற பாட்டியை மட்டும் கதையிலிருந்து தூக்கிவிட்டோம். அந்த வேடம் கேட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவரை எடுத்தால் மற்றவர்கள் சாகும்வரை பேசமாட்டார்கள். ஆகவே எங்கள் நாடகத்தில் வடை தன்னைத் தானே சுட்டுக்கொண்டது.

மேடை, மூடிக் கிடக்கும் பழைய பெக்டரி. பாதி ஜன்னலில் கண்ணாடி கிடையாது. பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்துக்கு நுவரெலியாவிலிருந்து கல்யாண வீட்டுப் புகை மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டெழுதியதும் நான், நரி வேடமும் நான். டீச்சரைப் பகைத்தால் இரண்டும் போய்விடும்.

காக்கா, ராக்காயி. அவள் ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் வேலை நின்றுவிடும், அப்படி ஒரு குரல். அவளைப் பறக்கவைக்கும் பொறுப்பு பெக்டரி மெக்கானிக் றொனால்டுக்கு. கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர்களின் பெல்ட் ஒன்றை இரவல் வாங்கி வந்து, கூரை உத்தரத்தில் கப்பியும் மாட்டினான். "கயித்துல இந்தப் பக்கம் காக்கா, அந்தப் பக்கம் கெழங்கு மூட்டை. ரெண்டும் ஒரே பாரமா இருந்தா போதும் டீச்சர். நான் கையால இழுக்க இழுக்க மெதுவா மேல போகும்" என்று விளக்கினான்.

ஆகவே காக்காவின் பாரம் தெரிய வேண்டும். மத்தியாஸ் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராக்காயி இரண்டடி பின்னால் போனாள்.

"அதுல நான் தொங்கமாட்டேங்க. என்னையும் கழிச்சுப்புடுவாரு."

டிஸ்பென்சரிக்குப் போய் அங்கே இருந்த தராசில் ஏறினாள். ஐம்பத்திரண்டு கிலோ. ஆனால் மூட்டையை அந்தத் தராசில் வைக்க விடமாட்டார்கள், அது நோயாளிகளுக்கு. தோட்டத்தில் மூட்டை என்றால் மத்தியாஸ்தான். நாடகத்தன்று காலையில்தான் மரக்கறி லொறிக்காரர் ஒருவர் உருளைக்கிழங்கை இரவலாகத் தந்தார். மூட்டைக்கு இருபத்தாறு வீதம் இரண்டு மூட்டை வேண்டும். மத்தியாஸ் சாக்கைக் கொக்கியில் மாட்டி, கிழங்கைப் போட்டுப் போட்டுப் பார்த்து, "இருபத்தாறு" என்று முழங்கினார். அடுத்ததும் இருபத்தாறு. துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். தராசின் முகம் வழக்கம்போல அவர் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெக்டரி நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் தோட்டத்து மேனேஜர், எங்கள் வாயில் துரை, குடும்பத்தோடு இருந்தார். மூன்றாவது பாட்டில் காக்கா வடையைக் கவ்வும். மெதுவாக எழும்பி, ஆளுயரத்தில் இருக்கும் கிளையில் போய் உட்காரும். டீச்சர் கையைக் காட்டினார். புகை மிஷின் சீறியது. றொனால்ட் மூட்டைகளுக்கு முட்டுக்கொடுத்த பலகையை உருவினான்.

கயிறு அவன் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. மூட்டைகள் இரண்டும் தடாலென்று தரையில் விழுந்தன. ராக்காயி ஒரே மூச்சில் கூரைக்குப் போனாள். கையில் வடை எரிந்துகொண்டிருந்தது.

சனம் எழுந்து நின்று கூச்சல் போட்டது. "நியம வெடக்!" என்று துரை சிங்களத்தில் மெச்சிக் கைதட்டினார். இப்படி ஒரு விசேஷ காட்சியை நுவரெலியா மாவட்டமே கண்டதில்லை. மேடையில் இருந்த எங்களுக்குத்தான் அது பிழை என்று தெரியும். வேறு வழி தெரியாமல் நரியின் பாட்டை எடுத்தேன். "கருப்பழகி, கொஞ்சம் பாடு, கந்தப்பளை கேட்கப் பாடு..." திரும்பவும் பாடினேன். நான்கு தடவை பாடினேன்.

றொனால்டும் இன்னும் இரண்டு பேரும் அவளை இறக்குவதற்காக மூட்டைகளைத் தூக்கப் போனார்கள்.

"தூக்காதீங்க!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. ராக்காயி உத்தரத்தில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு நன்றாக உட்கார்ந்திருந்தாள். "றொனால்ட் அண்ணே, நான் அம்பத்திரண்டு கிலோதானே?"

"ஆமா தங்கச்சி."

"மூட்டையும் அம்பத்திரண்டுதானே?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்ப நான் இங்க எப்படிங்க வந்தேன்?"

இதுவும் நாடகம் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. துரை மட்டும் தட்டவில்லை. கப்பியில் பிழையா என்று றொனால்டைக் கேட்டார். றொனால்டின் முகம் வெளுத்தது. இரத்தம் கசிந்த கையைக் காட்டி, "கப்பி சரிதாங்க சேர்" என்றான். திரைக்குப் பக்கத்தில் நின்ற மத்தியாஸ், "கயிறு ஈரம். ஈரக் கயிறு இழுத்துக்கிட்டுப் போகும்" என்றார். அப்படி ஒரு கயிற்றை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"ஐயா," என்றாள் ராக்காயி, "மூட்டைக்கு எத்தனை கழிச்சீங்க?"

"சாக்குக்கு ஒண்ணு."

"ரெண்டு மூட்டைக்கு ரெண்டு. ரெண்டு கிலோவுக்கா நான் கூரையில போய் முட்டினேன்?"

மத்தியாஸ் மூட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "ஈரத்துக்கு ரெண்டு" என்றார்.

"கெழங்குக்கு ஏதுங்க ஈரம்?"

"முத்தல் இலைக்கு ஒண்ணு."

பெக்டரி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. உருளைக்கிழங்கில் முத்தல் இலை! நானும் சிரித்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதருக்கே அது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. மூட்டைக்கு நாலு. கொக்கியில் எதைத் தொங்கவிட்டாலும் நாலு. கூட்டத்திலும் சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. ஒவ்வொரு பெண்ணும் வாய்க்குள் எதையோ கூட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

"நேத்து என் சாக்குக்குத் தராசு எத்தனை காட்டிச்சு?" என்றாள் ராக்காயி. இப்போது அவள் குரல் உடைந்திருந்தது. "அதைச் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் எறங்கமாட்டேன்."

டீச்சர் அடுத்த பாட்டுக்கு ஜாடை காட்டினார். யாரும் பார்க்கவில்லை.

"இருபது" என்றார் மத்தியாஸ்.

"எழுதினது?"

"பதினாறு."

சாக்குக்கு ஒரு கிலோ நியாயமாகக் கழித்தாலும் பத்தொன்பது. வீரய்யா நடுவரிசையில் எழுந்து நின்றான். "எறங்கு புள்ள. நான் சொன்னதெல்லாம் தப்பு."

"நீங்க உக்காருங்க. ஒங்ககிட்ட வீட்டுல பேசிக்கிறேன்."

பிறகு நடந்ததை ஷாமிலா டீச்சர் எந்தப் பயிற்சியிலும் படித்திருக்கமாட்டார். முன்வரிசைக்குப் பின்னாலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக மேடைக்கு ஏறி வந்தார்கள். மூட்டையின் வாயை அவிழ்த்துக் கிழங்கை முந்தானையில் அள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் மூட்டைகள் தரையை விட்டு அசைந்தன. இன்னும் நாலைந்து கிழங்கு எடுத்ததும் காக்கா உத்தரத்தை விட்டு மிதந்தது. மிதந்து, எரிகிற வடையோடு, பனிக்கும் வாடகைப் புகைக்கும் நடுவே மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. அன்றைக்கு ஒழுங்காக நடந்த ஒரே விசேஷ காட்சி அதுதான். லொறிக்காரர் மட்டும் தன் கிழங்கைக் கேட்டு ஒரு ஓரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

அவள் கால் தரையில் பட்டதும் மத்தியாஸ் முன்னால் வந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காலையில் எல்லோரும் வேலைக்கு அணிவகுத்து நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிடும் அதே குரலில், மைக் இல்லாமலே சொன்னார்.

"ராக்காயி. முழுப்பேர்."

நரி முகமூடிக்குள் நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கென்ன.

"அது நேத்தைக்கு" என்றாள் ராக்காயி, றொனால்ட் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே. "இன்னும் பதினொரு வருஷம் இருக்குங்க."

யாரும் எழுந்து போகவில்லை. றொனால்ட் மெதுவாக இறக்கிவிட்ட கிழங்கு மூட்டை ஒன்றை மத்தியாஸ் சரித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை, இருபத்தொண்ணு" என்று தொடங்கினார். "வியாழக்கிழமை, இருபது..."