நம்மூர் வெயிலுக்குத் தாங்காத மருந்து

என் அக்கா பிறக்கும்போதே நிறமில்லாமல் பிறந்தவள். தோல், தலைமுடி, இமை எல்லாம் வெளுப்பு. பரளச்சிப் பக்கத்து வெயிலில் அரை மணி நேரம் நின்றால் சிவந்துவிடுவாள். மதுரையில் தோல் டாக்டர் வெயில் தாக்காமலிருக்க ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். வெயில் படப்பட அதன் சக்தி குறைந்துகொண்டே போகும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறு பவனியில் முன்னால் நடந்து பாட அக்காவைக் கூப்பிட்டார்கள். எங்கள் சபையில் அவளைப் போலப் பாட ஆளில்லை. எட்டு மணிக்குள் முடிந்துவிடும் என்றதால் அப்பா ஒப்புக்கொண்டு, பந்தல் வேலைக்குக் கோயிலுக்குப் போனார். கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த அம்மா, ஆறரைக்கே அக்காவுக்குக் களிம்பைப் பூசிவிட்டு டியூபை என் பையில் போட்டாள். நான் அப்போது நான்காம் வகுப்பு.

"நேரமாச்சுன்னா நீதான் திரும்பப் போட்டு விடணும். மறந்துராதடி."

போதகர் வந்த பஸ் காரியாபட்டியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. பவனி கிளம்ப ஒன்பதரை ஆயிற்று. அதுவரை எல்லோரும் ரோட்டோரம் வெயிலில்தான் நின்றோம். நான் டியூபை எடுத்து நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"உள்ள வையி. எல்லாரும் பாக்குறாக."

நிழலே இல்லாத கரிசல் பாதையில் பாடிக்கொண்டே நடந்தாள். அன்றைக்குத்தான் ஊர் அவளை அவள் குரலுக்காகத் திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் கழுத்திலும் கன்னத்திலும் கொப்புளங்கள். கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிக் கிடந்தாள். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"திரும்பப் போட்டு விட்டியா, இல்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா பாயிலிருந்து சொன்னாள்.

"போட்டாம்மா. ரெண்டு தடவ போட்டு விட்டா."

அப்பா டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் நம்மூரு வெயிலுக்குத் தாங்காது. இனிமே வாங்க வேணாம்."

அப்புறம் வாங்கவே இல்லை. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைக்கு வேலைக்கும் போனாள். சென்ற வருடம் அவள் காதோரத்தில் ஆறாமல் இருந்த புண்ணைப் புற்று என்று வெட்டி எடுத்தார்கள். இத்தனை வருடம் களிம்பு பூசவில்லையா என்று டாக்டர் கேட்டபோது, அப்பா பழைய பதிலையே சொன்னார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவனி நடந்த அன்று எனக்கு அடி விழவில்லை. அக்கா காப்பாற்றிவிட்டாள் என்ற நிம்மதியில் சோறு தின்றேன். நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா அடுத்த டியூபை வாங்கியிருப்பார் என்று யோசிக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.