சொந்தத்துக்கு ஆகாத கால்

வலது காலைத்தான் முதலில் கழுவுகிறாள் அங்கம்மாள். குதிகாலைக் கல்லில் தேய்த்து, விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் சுக்குத் தூசியைப் போக்கி, முந்தானையால் ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகுதான் வாசலுக்கு வருகிறாள். அங்கே கோணிச் சாக்கை விரித்து யாராவது ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். கொச்சி மட்டாஞ்சேரியின் இந்த லைன் வீடுகளில் பொழுது விடிவதும், யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கம்மாள் வாசலுக்கு வருவதும் சேர்ந்தே நடக்கும்.

"சேட்டா, நல்லா கமுந்து கெடங்க. கைய தலைக்கு வச்சுக்கிடுங்க. மூச்ச அடக்கக் கூடாது, கேட்டீங்களா?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பலாப்பழத்தை அமுக்கிப் பார்க்கிறவளைப்போல இடுப்பின் மேல் பாதத்தை வைப்பாள். வழக்கப்படி மூன்று மிதி. ஓங்கி இறக்குகிற மிதி அல்ல. கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் மிதி. படுத்திருப்பவர் "ஹா" என்று ஒரு மூச்சு விட்டால் வேலை முடிந்தது. இதில் வைத்தியம் எத்தனை பங்கு, நம்பிக்கை எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கம்பு ஊன்றிக்கொண்டு வந்தவர்கள் கைவீசிப் போகிறார்கள், அது கண்கூடு.

சுள்ளிக்கல் தையல்காரர் வருவார், பள்ளுருத்தி வண்டிக்காரர் வருவார். வைப்பினிலிருந்து மீன் கூடையோடு படகேறி வரும் அம்மிணி மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து படுத்துவிடுவாள். மிதிக்குக் காசு வாங்கினால் பலன் போய்விடும் என்பது நம்பிக்கை. அம்மிணி விட்டுப் போகும் நாலு மத்தி மீனைப் பற்றி அந்த நம்பிக்கை ஒன்றும் சொல்லவில்லை.

அங்கம்மாள் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்தது. அப்படிப் பிறந்தவர்களின் மிதிக்கு இடுப்புப் பிடிப்பு விடும் என்று தமிழர்களும் நம்புகிறார்கள், மலையாளிகளும் நம்புகிறார்கள். ஆனால் "பாக்கியம் செஞ்ச காலு" என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவள் முகம் இருண்டுவிடும்.

"அப்படிச் சொல்லாதீங்க. எங்க அம்மையத் தின்ன காலு இது."

பெற்ற அன்றே தாய் போய்விட்டாள். வளர்த்த அத்தை அந்தக் கதையைச் சோற்றோடு பிசைந்து ஊட்டியே வளர்த்தாள். அதனாலோ என்னவோ, அங்கம்மாள் யாருக்கு எதிரேயும் காலை நீட்டி உட்கார்வதில்லை. படுக்கும்போது பாதங்களைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறாள். மகள் வீரலட்சுமி கைக்குழந்தையாக இருந்தபோது எல்லாத் தாயையும்போலக் காலை நீட்டி, அதில் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டியதே இல்லை. பக்கத்து வீட்டுக் கமலாக்ஷிதான் குளிப்பாட்டினாள். அங்கம்மாள் எட்ட நின்று தண்ணீர் ஊற்றினாள். பார்த்தவர்கள் சோம்பேறி என்றார்கள். சுக்குக் கிடங்கில் பொழுதெல்லாம் குந்தியிருந்து இஞ்சித் தோல் சுரண்டுகிறவளை அப்படிச் சொல்ல எப்படித்தான் நாக்கு வந்ததோ!

புருஷன் பேச்சிமுத்து துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன். கேரளம் என்று தனி மாநிலம் வந்தும் அங்கே வேலை கொடுக்கும் முறை மாறவில்லை. காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் மூப்பன் வந்து நின்று, கூட்டத்தின் நடுவே சாப்பாக்களை வீசி எறிவான். சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. பாய்ந்து குனிந்து, அடுத்தவன் கைக்கு முந்தி அதைப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். மூட்டை தூக்க இடுப்பு வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். தூக்கும் வேலையைத் தரையிலிருந்து பொறுக்கவே இடுப்பு வேண்டும் என்பது இந்தத் துறைமுகத்துக்காரர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷ மழையில், மிளகு மூட்டையோடு வள்ளத்துப் பலகையில் சறுக்கியதில் பேச்சிமுத்துவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கம்மாள் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். புளியிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைப் பொறுக்கும் சூட்டில் ஊற்றினாள். செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றி வைத்தாள். எருக்கிலையை வாட்டிக் கட்டினாள். தைலம் மட்டும் தடவவில்லை. மூப்பனுக்கு மூக்கு நீளம். தைலம் மணக்கிறவன் பக்கம் சாப்பா விழாது.

"ஊருக்கெல்லாம் மிதிக்கிற. வீட்டுக்காரனுக்கு மிதிச்சா என்னவாம், அங்கம்மே?" என்று ஒருநாள் கமலாக்ஷி கேட்டேவிட்டாள்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. "கட்டினவ காலு என் முதுகுல பட்டா நாளைக்கு நாலு ஆம்பளைங்க நடுவுல நான் தலை நிமுந்து நிக்க முடியுமா? அந்தப் பேச்சு வேண்டாம் சேச்சி."

அங்கம்மாள் சட்டியில் உப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் வேண்டாமென்றதில் அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். அது கமலாக்ஷிக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

மழை விட்டது, வலி விடவில்லை. ஒரு சனிக்கிழமை சாப்பா ஒன்று பேச்சிமுத்துவின் பெருவிரலை ஒட்டியே வந்து விழுந்தது. பாதி குனிந்தான். அதற்கு மேல் உடம்பு இறங்கவில்லை, ஏறவும் இல்லை. வளைந்தபடியே நின்றான். அவன் காலடியிலிருந்ததை வேறொருவன் எடுத்துக்கொண்டு போனான். கூட்டம் சிரித்தது. மூப்பன் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமையும் இந்த நடனந்தான்னா, பேச்சி, அப்புறம் நீ இங்க வரவேண்டா" என்றான்.

சாயங்காலம் பேச்சிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒரு தடவ நீயே மிதிச்சுப் பாரேன்."

ஒத்தட மூட்டை அவள் கையிலிருந்து நழுவியது. அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வர என்ன பாடு பட்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினாள்.

"மாட்டேங்க. இந்தக் காலு அந்நியத்துக்குத்தான் நல்லது. சொந்தத்துக்கு ஆகாது. எங்க அம்மையத் தின்னுச்சு. எம்பிள்ளையக்கூட நான் இதுல போட்டுக் குளிப்பாட்டல. கூலி இல்லாட்டி கஞ்சி குடிச்சுக் கெடப்போம். ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரப் பாப்பேன்?"

அம்மையைத் தின்ன கதை அவனுக்குத் தெரியும்; சொந்தத்துக்கே ஆகாது என்று அவள் அஞ்சுவதை இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் கேட்டது அன்றுதான். குழந்தையைக் கமலாக்ஷி குளிப்பாட்டிய காரணமும், இவள் காலைச் சுருட்டிக்கொண்டு படுக்கும் காரணமும் அவனுக்கு அப்போதுதான் விளங்கின. திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை விடியும்போது, "சாயா குடிச்சிட்டு அப்படியே போறேன்" என்று பின்வாசல் வழியாக இறங்கிப் போனான். அங்கம்மாள் கால் கழுவிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். அம்மிணி காத்திருந்தாள். மிதி வாங்கிக்கொண்டு எழுந்து கூடையைத் தூக்கினாள். அதற்குள் அடுத்த ஆள் சாக்கில் படுத்தாகிவிட்டது. தலையோடு துண்டு போர்த்தியிருந்தது. வெட்கப்படும் ஆட்கள் அப்படிப் படுப்பது உண்டு.

"மூச்ச அடக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணை மூடி, சுவர்ப் பக்கம் திரும்பிக் காலை வைத்தாள்.

கனத்தைப் பாதிகூட இறக்கியிருக்க மாட்டாள். இந்த மழை முழுக்கத் தன் கையாலேயே உப்பு ஒற்றிய இடம் உள்ளங்காலுக்குத் தெரியாமல் போகுமா? நெருப்பை மிதித்தவள்போல, "ஐயோ, என்ன காரியம் செஞ்சீங்க!" என்று காலைத் தூக்கிக்கொண்டாள். கமலாக்ஷி தன் வீட்டு வாசலில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். தெருவில் மூட்டை சுமக்கிறவர்கள் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

பேச்சிமுத்து தலையிலிருந்த துண்டை உருவிப் போட்டான். கையைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவினான். அவள் கணுக்கால் அகப்பட்டதும் அதை இழுத்து, வலிக்கிற இடத்தில் வைத்து, எடுத்துவிடாதபடி மேலே தன் கையை அழுத்திக்கொண்டான்.