நாக்கால் எடுத்த படம்

இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குத்தான் நிம்மதி. ஆனால் நடந்தது. போன வருஷம் ஜூலை 19, சனிக்கிழமை. பட்டப்பகலில், இடுக்கி மலையில் ஆனைக்கரைக்குப் பக்கத்தில், ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில்.

என் பெயர் அருள்குமார். ஊர் கொழிஞ்சாம்பாறை, பால் சொசைட்டியில் வேலை. கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா ஒன்று வைத்திருக்கிறேன். மலிவான சரக்கு. இரண்டு முறை ஓடும் பைக்கிலிருந்து விழுந்திருக்கிறது. ஒருமுறை சேற்றில் புதைந்தது. துடைத்தால் மறுபடி வேலை செய்யும். மழையில் நண்பர்களெல்லாம் விலை உயர்ந்த கேமராக்களைப் பைக்குள் பத்திரப்படுத்தும்போது நான் மட்டும் நனைந்துகொண்டே படம் எடுப்பேன். அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அன்று போடிமெட்டிலிருந்தே மழை. தோட்டத்து ஓரம் பைக்கை நிறுத்திவிட்டு, தனியாக ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஃபிலிமில் இரண்டே படம் பாக்கி. நல்ல காட்சி ஏதாவது கிடைக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

மணி 3.40. பாதையோரம் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போட்டுக்கொள்ளும் நீலப் பிளாஸ்டிக் தாள் தலைமேல்.

"தம்பி, என்னைய ஒரு போட்டோ புடிச்சுத் தாரியளா?"

பெயர் மரியபுஷ்பம் என்றார். படத்தை மகள் ரோசியிடம் கொடுத்தால் போதுமாம். மேலே தொழிலாளர் குடியிருப்பில், லயத்தில் நாலாம் நம்பர் வீடு. சொல்லிக்கொண்டே தாளை எடுத்து மடித்தார். முகத்தைத் துடைத்தார். கைகளை உடம்போடு ஒட்டிவைத்து விறைப்பாக நின்றார்.

எனக்கு மனசு வரவில்லை. இருப்பதே இரண்டு. அதில் ஒன்றை இவருக்கா?

கேமராவைக் கண்ணில் வைத்தேன். பொத்தானை அழுத்தவில்லை. நாக்கை மேலே தட்டி 'டக்' என்று சத்தம் மட்டும் செய்தேன்.

"எடுத்தாச்சுங்கம்மா."

அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்.

தொடர்ந்து நடந்தேன். கால் அரித்தது. குனிந்து பார்த்தால் முழங்கால்வரை அட்டைகள். பிடுங்கும்போதுதான் உறைத்தது. அவரும் அதே சேற்றில்தான், வெறுங்காலோடு நின்றார். அவர் காலில் ஓர் அட்டைகூட இல்லை...

மணி 3.52. அடுத்த வளைவு.

அங்கே அவர் நின்றிருந்தார். எனக்கு முன்னால். அதே விறைப்பு.

"எடுத்தாச்சா தம்பி?"

எடுத்தாச்சு என்றேன்.

தாண்டி நடந்தேன். பத்தடி... இருபதடி...

மணி 3.58. மறுபடி அவர்.

இம்முறை சிரிக்கவில்லை. எதுவும் கேட்கவில்லை.

திரும்பி ஓடினேன்.

பனிக்குள், பின்னாலிருந்து...

டக்.

நாக்குச் சத்தம்.

டக்... டக்...

காதோரம்.

பைக்கை எப்படிக் கிளப்பினேன் என்று தெரியாது. 4.25க்கு ஆனைக்கரைக் கடைத்தெருவில் நின்றேன்.

பதினைந்து நாள் சரியான தூக்கம் இல்லை. பயம் மட்டும் காரணமில்லை. கேட்டது ஒரே ஒரு படம். அதற்குப் போய் ஏமாற்றினேனே என்று நினைத்தாலே உடம்பு கூசியது. அவர் மனுஷிதான், பனியில் நான்தான் மிரண்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். புது ஃபிலிம் போட்டு, ஆகஸ்ட் 3 ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன்.

கதவைத் திறந்தது ரோசி. இருபது வயதுப் பெண். அம்மா இருக்காங்களா என்று கேட்டேன். சொன்னாள். ஜூன் 26 அன்று மண் சரிந்து அம்மா போய்விட்டாராம். உடல் இன்னும் கிடைக்கவில்லை. போன், அடையாள அட்டை எல்லாம் அவரோடு போய்விட்டன. வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை.

நடந்ததைச் சொன்னேன். நாக்கால் சத்தம் செய்ததைத் தவிர.

இடத்தைக் காட்டச் சொன்னாள். இருவரும் இறங்கினோம். ஐம்பதடியில் பாதை அறுந்து நின்றது. அப்பால் செம்மண் சரிவு. கீழே இருநூறு அடி இருக்கும்.

"அன்னைக்கே பாதையும் போயிருச்சுண்ணே. நீங்க எங்க நடந்திய?"

நான் நடந்த வளைவுகள் எதுவும் அங்கே இல்லை. வெறும் காற்று.

அவள் மெதுவாகக் கேட்டாள், அந்தப் போட்டோ நல்லா வந்திருக்கா என்று.

மழையில் ஃபிலிம் கெட்டுவிட்டது என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எனக்கு ஒரு தடவகூட தென்படலண்ணே. ஒங்கள நம்பித்தான வந்திருக்கா."